தண்ணீர் குடிக்கும் தரை

மேல்வீட்டுக்காரர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. குழாய்களை மூடிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். மெயின் வால்வையும் மூடியாயிற்று. ஆனாலும் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் சொட்டு நின்றபாடில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன வழக்கு. சங்கக் கூட்டத்தில் குரல் உயர்வதற்கு வண்டி நிறுத்தும் இடத்துக்கு அடுத்த காரணம் அநேகமாக இதுதான். பிளம்பர் வந்து பார்த்துக் குழாயில் குற்றமில்லை என்பார். டைல்ஸ் மேஸ்திரி வந்து சந்துகளில் வெள்ளைச் சிமெண்டை அடைத்துவிட்டுப் போவார். சில மாதம் கழித்து மறுபடியும் சொட்டும்.

இருவருமே ஓட்டையைத் தேடுகிறார்கள். எங்கோ ஒரு துளை இருக்கிறது, தண்ணீர் தன் எடையால் அதற்குள் இறங்குகிறது, அதை அடைத்தால் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. மொட்டைமாடித் தொட்டிக்கு இந்தக் கணக்கு சரி. குளியலறைத் தரைக்குச் சரிவராது. குளிக்கும்போது தரையில் நிற்கும் தண்ணீரின் ஆழம் எவ்வளவு? ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அந்த ஆழம் கொடுக்கும் அழுத்தம் ஒரு காகிதத்தைக் கிழிக்கக்கூடப் போதாது. தரைக்குள் தண்ணீரை யாரும் தள்ளவில்லை. தரைதான் உறிஞ்சுகிறது.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விசையால்தான். மெல்லிய குழாயில் நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் ஜூரின் 1718-ல் ஆராய்ந்து சொன்னார். குழாயின் ஆரம் எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்கு உயரம் கூடும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறக்குறைய 1.5 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் பத்தில் ஒரு பங்கானால் 15 சென்டிமீட்டர். ஆரம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், கணக்குப்படி 15 மீட்டர்: நான்கைந்து மாடி உயரம். சிமெண்ட் பூச்சுக்குள் இந்த அளவிலும் இதைவிடச் சிறியதாகவும் துளைகள் எக்கச்சக்கம். ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் தன் எடையால் தள்ளுவதைப்போல மூவாயிரம் மடங்கு வலுவோடு அந்தத் துளைகள் இழுக்கின்றன.

இழுவை வலியது, ஆனால் வேகம் குறைவு. அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-ல் தந்த சமன்பாட்டின்படி, நுண்துளைக்குள் நீர் போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு. புது வீட்டுக்குக் குடிபோன உடனே கூரை ஒழுகாமல், பால் காய்ச்சிய சந்தோஷமெல்லாம் அடங்கியபின் ஒழுகத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். காலையில் நனைந்த தரை உள்ளே காய்வதற்குள் மாலைக் குளியல் வந்துவிடுகிறது. உள்ளே முன்னேறிய ஈரம் பின்வாங்க நேரமே கிடைப்பதில்லை.

இந்தத் துளைகள் சிமெண்டுக்குள் எப்படி வந்தன? சிமெண்டோடு கலக்கும் தண்ணீர் விட்டுச்சென்ற தடங்கள் அவை. சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல. தண்ணீரோடு வேதிவினை புரிவதால். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று முழுமையாக வினைபுரிந்து முடிய, வேதியியலில் கட்டுண்டு போகும் நீரையும் உருவாகும் கூழ்ப்பொருள் தன்னுள் பிடித்துவைக்கும் நீரையும் சேர்த்து ஏறக்குறைய 21 லிட்டர் வேண்டும். கலவை அந்த அளவில் சொரசொரவென்று, கரண்டிக்கு அடங்காமல் இருக்கும். சித்தாள் இன்னொரு வாளி ஊற்றுவார், கொத்தனார் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கலவை வழவழப்பாகிவிடும். வினைக்குத் தேவைப்படாத அந்த உபரி நீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடமெல்லாம் ஒன்றோடொன்று இணைந்த நுண்குழாய்களாக எஞ்சுகிறது.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கத்தின் ஆய்வகத்தில் டி. சி. பவர்ஸும் சகாக்களும் இதை அளந்து 1959-ல் வெளியிட்ட அட்டவணையை ஒவ்வொரு கட்டடப் பணியிடத்திலும் ஒட்டிவைக்கலாம் என்பது என் ஆசை. சிமெண்டின் எடைக்கு 0.4 பங்கு நீர் கலந்தால், தொடர்ந்து ஈரத்தில் வைத்த மூன்றே நாளில் நுண்குழாய்கள் ஒன்றோடொன்று தொடர்பு அறுந்துவிடும். 0.45 என்றால் ஏழு நாள். 0.5 என்றால் பதினான்கு நாள். 0.6 என்றால் ஆறு மாதம். 0.7 என்றால் ஒரு வருடம். அதற்கும் மேலே போனால் எத்தனை காலம் நீராட்டினாலும் தொடர்பு அறாது. நம் பணியிடங்களில் பூச்சுக் கலவை 0.6-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆறு மாதம் நீராட்டுகிற வீட்டை யாரும் பார்த்ததில்லை. அப்படியானால், குளியலறையில் டைலுக்குக் கீழே கிடக்கும் சிமெண்ட் தண்ணீர் குடிக்கும் என்பதை மேஸ்திரியின் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் இயல்பே அது.

உறிஞ்சப்பட்ட நீர் கீழே சொட்டுவதற்கு இன்னொரு கட்டம் இருக்கிறது. நுண்துளை எந்த விசையால் நீரை உள்ளே இழுக்கிறதோ அதே விசையால் அதைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும்; எளிதில் சொட்டவிடாது. சொட்ட வேண்டுமென்றால் உள்ளே நீர் நிரம்பி, தன் எடையால் அழுத்தும் அளவுக்குச் சேரவேண்டும். அப்படிச் சேர்வதற்கு ஒரு தொட்டியை நாமே கட்டிக் கொடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டு அடுக்குமாடிகளில் குளியலறையின் கான்கிரீட் தளத்தை மற்ற அறைகளைவிட 20 முதல் 30 சென்டிமீட்டர் தாழ்த்திப் போடுவது வழக்கம். இந்தியன் கழிப்பறைக் கோப்பையும் கழிவுக் குழாய்களும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கும். கட்டுமானக்காரர்கள் இதைச் 'சங்கன்' என்பார்கள். குழாய் வேலை முடிந்ததும் உடைந்த செங்கல், ஓட்டுச்சில்லு, பழைய பூச்சுக் கட்டி என்று கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்பி, மேலே கலவை விரித்து டைல் பதிப்பார்கள்.

ஐந்தடிக்கு எட்டடி குளியலறையின் சங்கனுக்கு முப்பது சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிரப்பிய செங்கல் துண்டுகளுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு இடைவெளி என்றால் சுமார் 370 லிட்டர் தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் அதற்குள் நிற்க முடியும். கீழ்வீட்டில் நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது. சொட்டு ஒன்று ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு என்றால் நாளைக்கு நாலேகால் லிட்டர். நிரம்பிய சங்கன் வடிய இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். மேல்வீட்டுக்காரர்கள் பத்து நாள் ஊரில் இல்லாததால் என்ன மாறிவிடப் போகிறது?

இந்த நீர் சும்மாவும் நிற்பதில்லை. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கீழ்க்கூரையில் காற்றின் கார்பன் டையாக்சைடைச் சந்தித்து, கால்சியம் கார்பனேட்டாக வெளுத்துப் படிகிறது. உப்புப் பூத்திருக்கிறது என்று நாம் சுரண்டிவிடும் வெள்ளைத் தூளில் இதுவும் உண்டு. கவனிக்காமல் விட்டால் கூரையிலிருந்து சிறு சிறு வெள்ளை ஊசிகள் கீழ்நோக்கி வளரும். அவற்றால் கட்டடத்துக்கு ஆபத்தில்லை. ஆபத்து குளோரைடில் இருக்கிறது.

போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் டைலின் மேல் வெள்ளைக் கறை படியும். அதைப் போக்க வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் ஊர்ச் சுத்தத்தின் அடையாளம். கழிப்பறைக்கென்று பாட்டிலில் விற்கும் திரவங்கள் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கறையும் கால்சியம் கார்பனேட். சந்தில் அடைத்த சிமெண்டிலும் கால்சியச் சேர்மங்கள்தான். அமிலத்துக்கு இரண்டும் ஒன்றே. 'புஸ்' என்று நுரைக்கும்போது கறை போகிறது என்று மகிழ்கிறோம். சந்தும் சேர்ந்து போகிறது. வினை முடிந்தபின் எஞ்சும் கால்சியம் குளோரைடு நீரில் நன்றாகக் கரைந்து, துளைகள் வழியே கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம், அதன் பி.எச். 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பிமேல் துருப்பிடிக்கவிடாத மெல்லிய படலம் ஒன்று உருவாகியிருக்கும். குளோரைடு அயனி அதைத் துளைத்துவிடும். துருவாக மாறும் இரும்பு, பழைய பருமனைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்குதலில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்து, கம்பி வெளியே தெரியும். பத்துப் பதினைந்து வயதே ஆன கட்டடங்களில் குளியலறைக்குக் கீழே மட்டும் கம்பி பல்லிளிப்பதைப் பார்க்கலாம்.

ஆக, டைலைப் பளபளப்பாக வைத்தோ சந்தை அடைத்தோ தரைக்குள் தண்ணீர் போவதைத் தடுக்க முடியாது. போகட்டும் என்று விட்டு, ஓர் எல்லையில் நிறுத்த வேண்டும். இந்த யோசனை புதியதல்ல. மொகஞ்சதாரோவில் 1925-26-ல் தோண்டியெடுத்த பெருங்குளத்தை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கற்களைக் குத்துவாக்கில் நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்தால் இணைத்திருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. உள்சுவருக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சுமார் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு நிலக்கீல் பூசி, அதற்குப் பின்னால் இன்னொரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தரையைத் தென்மேற்கு மூலைக்கு வாட்டம் கொடுத்து அங்கே வடிகால் வைத்திருக்கிறார்கள். காலுக்கு ஒரு பரப்பு, தண்ணீருக்கு வேறொரு பரப்பு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு சரிவு. குளியலறைப் பொறியியலின் சாரம் முழுவதும் அதில் இருக்கிறது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. குளியல் கிணற்றடியில், கல்லின்மேல், வெயிலில் நடந்தது. உறிஞ்சினாலும் மண்தான் உறிஞ்சியது. தண்ணீரைத் தடுக்க வேண்டியிருந்த இடம் மொட்டைமாடி. அங்கே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கலந்து இடித்துக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும் என்பது ரோமானியர்களுக்கும் தெரியும். ஈரச் சுவர்களுக்கு மணலுக்குப் பதிலாக ஓட்டுத்தூள் கலந்த சாந்தைப் பூசச் சொல்லியிருக்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். குளியலறை வீட்டுக்குள் நுழைந்து, பின் மாடியேறி, இன்னொருவர் தலைக்குமேல் போன பிறகுதான் இந்தத் தலைவலி தொடங்கியது.

இன்று நிலக்கீலின் இடத்தில் பெரும்பாலும் இருப்பது பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு. ஒரு பையில் பொடி, ஒரு டப்பாவில் பால்போன்ற அக்ரிலிக் திரவம். கலந்து பிரஷ்ஷால் அடித்தால், காய்ந்தபின் ரப்பரைப்போலச் சற்று வளைந்துகொடுக்கும் படலமாகிறது. வளையவேண்டியது முக்கியம். கான்கிரீட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். மூன்று மீட்டர் தளம் பத்து டிகிரி சூடானால் 0.3 மில்லிமீட்டர். மயிரிழை விரிசலுக்கு அது போதும். வளையாத பூச்சு விரிசலோடு சேர்ந்து தானும் விரியும்.

சிமெண்டோடு கலக்கும் 'வாட்டர் புரூஃப்' திரவம் ஒன்று உண்டு; ஐ.எஸ். 2645 என்ற இந்தியத் தரநிர்ணயம் அதற்கானது. இவ்வகையில் பல, நுண்துளைச் சுவர்களில் நீர் ஒட்டாதபடி செய்து, உறிஞ்சும் விசையை மட்டுப்படுத்துகின்றன. அழகான வேதியியல்தான். ஆனால் விரிசலுக்குக் குறுக்கே அது பாலம் போடாது. சோப்புத் தண்ணீருக்கு வேறு ஒரு குணம் உண்டு: வெறும் நீர் ஒட்ட மறுக்கும் பரப்பையும் அது நனைக்கும். குளியலறையில் ஓடுவது பாதிக்கு மேல் சோப்புத் தண்ணீர். எனவே அந்தத் திரவத்தைக் கலந்துவிட்டோம் என்ற தைரியத்தில் படலத்தைத் தவிர்க்கிறவர்களின் சிக்கனம் எனக்குப் புரியவில்லை.

படலம் அடிப்பது பெயிண்ட் அடிப்பது மாதிரிதான் தெரியும். தோற்பதெல்லாம் ஓரங்களில். தரையும் சுவரும் சேரும் மூலை செங்கோணமாக இருந்தால் படலம் அங்கே மெலிந்து முதலில் கிழியும். அதனால் முதலில் கலவையால் மூலையைச் சரிவாக மழுக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடியிழை வலையைப் பதித்துப் பூச வேண்டும். தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓர் அடியாவது ஏற்ற வேண்டும். ஷவர் விழும் சுவரில் ஆள் உயரத்துக்கு. முதல் பூச்சு தெற்கு வடக்காக என்றால் இரண்டாவது கிழக்கு மேற்காக. முதல் பூச்சில் விட்டுப்போன ஊசித்துளைக்கு மேலேயே இரண்டாவதிலும் துளை விழும் வாய்ப்பு அப்போது குறைகிறது. சங்கன் இருந்தால் இந்த வேலை இரண்டு முறை: பள்ளத்தின் அடியில் ஒருமுறை, நிரப்பியபின் டைலுக்குக் கீழே ஒருமுறை. அடிப்பள்ளத்திலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு சிறு வடிகுழாய் விட்டுவைத்தால் உள்ளே சேர்வது ரகசியமாகச் சேராது. குழாயில் ஈரம் தெரிந்தால் மேலே எங்கோ படலம் கிழிந்திருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றையும்விட மோசமான இடம், நீர் வெளியேறுகிற இடமேதான். நஹானி டிராப் எனப்படும் தரைவடிகாலின் பிளாஸ்டிக் கழுத்து தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் வெப்பத்தில் நீளும் அளவு வேறு. ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறைவு. கீசர் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் அந்தக் கழுத்தைச் சுற்றிய வளையம் மூடித் திறக்கிறது. அறையின் தண்ணீர் முழுவதும் அங்கேதான் கூடுகிறது. படலத்தை டிராப்பின் கழுத்துக்குள் வரை இறக்கிப் பூசாத வேலை, மீதி அறையில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பாதி வேலைதான்.

டைல் பதிப்பதற்கு முன் ஒரு சோதனை. டிராப்பின் வாயை அடைத்து, அறையில் சில சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விடுவது. மட்டம் குறைந்தால் 'ஆவியாயிருக்கும் சார்' என்று பதில் வரும். அதற்கும் வழி உண்டு: அதே அறையில் அகன்ற பாத்திரமொன்றில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். பாத்திரத்தில் குறைந்த அளவே தரையிலும் குறைந்திருந்தால் ஆவி. தரையில் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு. சோதனைக்கு ஒப்பீடு வேண்டும் என்ற ஆய்வக விதியை இவ்வளவு மலிவாகப் பயன்படுத்தும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது.

கீழ்வீட்டுக்காரர் தன் கூரையில் வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் வரும் பக்கத்தில் பூசினால் அழுத்தம் படலத்தைத் தளத்தோடு சேர்த்து அமுக்கும். எதிர்ப்பக்கத்தில் பூசினால் பிய்த்துத் தள்ளும். கொப்பளித்து உரிந்து விழும்வரை அது கூரையை மறைக்கும்; தேங்கிய நீர் பக்கவாட்டில் நகர்ந்து படுக்கையறைச் சுவரில் ஓதமாக எட்டிப் பார்க்கும். சண்டை போட்டாவது மேலிருந்துதான் சரிசெய்ய வேண்டும்.

படலம் சரியாக அமைந்துவிட்டால் ஒரு பெரிய விடுதலை கிடைக்கிறது. டைலுக்கு இனி தண்ணீரைத் தடுக்கும் வேலை இல்லை. காலுக்கு எது நல்லது என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கடையில் யாரும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் வாட்டம். நூறு சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை சரிவு இருந்தால் நீர் தேங்காமல் ஓடும். எட்டடி நீளத்துக்கு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். வடிகால் அறையின் நடுவில் இருந்தால் நான்கு பக்கச் சரிவுகளும் மடிப்புகளில் சந்திக்கும். இரண்டடிக்கு இரண்டடி டைல் வளையாது. மடிப்பின்மேல் அதை வைத்தால் ஒரு மூலை தூக்கும், இன்னொரு மூலையில் தண்ணீர் நிற்கும். மூலையில் வடிகால் வைத்து ஒரே சாய்தளமாகச் சரித்தால் பெரிய டைல் பொருந்தும். இல்லையென்றால் ஓரடிக்கு ஓரடி அல்லது அதற்கும் சிறியது. ஹாலில் போட்ட பெரிய டைலே பாத்ரூமிலும் தொடர வேண்டும் என்ற ஆசைக்கு வடிவியல் ஒத்துழைப்பதில்லை.

அடுத்து, டைலின் உடல். பீங்கான் ஓடுகளை அவை எவ்வளவு நீர் உறிஞ்சும் என்பதை வைத்துப் பன்னாட்டுத் தரநிர்ணயம் வகைப்படுத்துகிறது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மிகாமல் உறிஞ்சுபவை ஒரு முனையில். கடைகளில் விட்ரிஃபைட் என்று விற்பவை இவை. பத்து சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும் சுவர் டைல்கள் மறுமுனையில். டைலைத் திருப்பிப் போட்டு முதுகில் சில சொட்டு நீர் விடுங்கள். முத்தாக நின்றால் விட்ரிஃபைட்; சட்டென்று மறைந்தால் அது சுவருக்கு, தரைக்கு அல்ல. விட்ரிஃபைடுக்கு ஒரு சங்கடம் உண்டு: உறிஞ்சாத முதுகில் சிமெண்ட் பால் பிடிப்பதில்லை. பாலிமர் கலந்த ஒட்டுப்பசையைப் பல் கரண்டியால் முழுதும் பரப்பிப் பதிக்க வேண்டும். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்துப் பதித்தால், தட்டினால் 'டொக்'கென்று கேட்கும் வெற்றிடங்களில் அழுக்கு நீர் தங்கி நாற்றமெடுக்கும்.

கற்களில் கிரானைட் அமிலத்தைத் தாங்கும். மார்பிளும் கடப்பாக்கல்லும் சுண்ணாம்பு வம்சம். ஆசிட் பட்ட இடம் செத்துப்போகும். கண்ணாடிமேல் வார்த்து நீரில் பதப்படுத்தும் ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்க்காதது. அது கூடத்தின் அழகு, குளியலறைக்கு இழுத்துவந்து பாடுபடுத்த வேண்டாம். ஜப்பானியர்கள் சந்துகளின் தொல்லையே வேண்டாமென்று வேறு வழி போனார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த நியூ ஒட்டானி ஹோட்டலுக்காக, தரையைக் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பாக வார்த்துக் குளியலறைகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். அங்கே வீடுகளிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. நமக்கு அந்தப் பிளாஸ்டிக் தொனி பிடிக்க இன்னும் காலமாகலாம்.

இனி வழுக்கல். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்த இடம். இது குளியலறை மட்டும் அல்ல என்றாலும், வயதானவர் இருக்கும் வீட்டில் டைலின் நிறத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

கால் ஏன் வழுக்குகிறது? பாதம் இறங்கும்போது நடுவில் ஒரு நீர்ப்படலம் சிக்குகிறது. அது பிதுங்கி வெளியேறச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் உடலின் எடை பாதத்துக்கு வந்துவிட்டால், கால் டைலைத் தொடாமல் தண்ணீரின்மேல் நிற்கிறது. எந்திரத் தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் உலோகத்தைத் தூக்கிப்பிடிக்கும் இயற்பியலைப் பொறியியல் அறிஞர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-ல் விளக்கினார். தாத்தா பாத்ரூமில் விழுவதும் அதே இயற்பியல்தான். படலம் உடைய இரண்டு வழிகள். ஒன்று, பரப்பில் நுண்மேடுகள் அதைக் கிழிக்க வேண்டும்: வெறும் நீருக்கு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே இருபது மைக்ரான் அளவாவது வேண்டும் என்பது பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை வைத்திருக்கும் அளவுகோல். மற்றொன்று, நீர் ஒதுங்கப் பக்கத்திலேயே வாய்க்கால் இருக்க வேண்டும். டைல்களுக்கு நடுவிலுள்ள சந்துகளே அந்த வாய்க்கால். இரண்டங்குலச் சதுரங்களாகப் பதித்த தரையில் பாதம் எங்கே விழுந்தாலும் அதன் கீழே சில சந்துகள் இருக்கும். சந்து தெரியாமல் ஒட்டியொட்டிப் பதிக்கச் சொல்வதை நாம் நேர்த்தி என்று நினைக்கிறோம். ஈரத் தரையில் அது நேரெதிர்.

கடைக்காரர் 'ஆர் 10 சார், வழுக்காது' என்பார். அந்த எண் ஜெர்மனியின் டின் 51130 என்ற தரநிர்ணயச் சோதனையிலிருந்து வந்தது. சாய்தளத்தில் டைல் பதித்து, மோட்டார் எண்ணெய் ஊற்றி, பணியிடக் காலணி அணிந்த ஒருவரை இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டி நடக்கவிட்டு, வழுக்கும்வரை சாய்வை உயர்த்துகிறார்கள். ஆர் 10 என்றால் 10 டிகிரிக்கு மேல் தாங்கியது. தொழிற்சாலைத் தரைக்குப் பொருத்தமான சோதனை. நாம் பாத்ரூமில் பூட்ஸ் போட்டு எண்ணெயில் நடப்பதில்லை. தீபாவளி அன்று வேண்டுமானால் எண்ணெயில் நடப்போம், அதுவும் வெறுங்காலோடு. வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் டின் 51097 என்ற பெயரில் அறிமுகமான தனிச் சோதனை இருக்கிறது. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு: 12, 18, 24 டிகிரி. கேட்டு வாங்க வேண்டியது இந்த எழுத்தைத்தான். குளிக்கும் இடத்துக்கு பி, முதியவர்கள் புழங்கும் இடத்துக்கு முடிந்தால் சி என்பது என் தேர்வு.

சொரசொரப்பை எல்லை மீறவிடவும் கூடாது. போர் தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத மெழுகுப் பிசுக்காகப் பள்ளங்களில் படியும். பிறகு அந்தப் பிசுக்கே வழுக்கும். மிதமான சொரசொரப்பு, சிறிய டைல், நிறையச் சந்து: நான் பரிந்துரைப்பது இந்தக் கூட்டணியை. நிறையச் சந்து என்றால் நிறைய அடைப்பு. அங்கே சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி அடையுங்கள். பிசினும் இறுக்கியும் வினைபுரிந்து துளையில்லாமல் கெட்டியாவதால் அது நீரும் குடிக்காது, ஆசிட்டுக்கும் எளிதில் கரையாது. விலை அதிகம், இறுகுவதற்குள் டைல்மேல் ஒட்டியதைத் துடைக்காவிட்டால் காலத்துக்கும் மங்கலாக நிற்கும். கை பழகிய ஆள் வேண்டும். எபாக்ஸி அடைத்துவிட்டோமே, படலம் எதற்கு என்று மட்டும் யாராவது கேட்டால், டிராப்பின் கழுத்தைக் காட்டுங்கள்.

டைல் கடையின் ஒளிவெள்ளத்தில், ஏ.சி. குளிரில், காய்ந்த டைல்கள் எல்லாமே உறுதியாகத்தான் தெரியும். பிடித்த மாதிரியில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சுவர் ஓரமாக ஆடாமல் தரையில் வைத்து, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வீட்டிலேயே வயதில் மூத்தவர் உட்கார்ந்தபடி பாதத்தால் தேய்த்துப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். மீதிப் பெட்டிகளுக்கு அதற்கப்புறம் பணம் கட்டிக்கொள்ளலாம்.